ஒரு கதவு, இரண்டு அடுப்பு

மாடி வீட்டில் மிக்ஸி ஓடுகிறது. அதே நேரம் எங்கள் சமையலறையிலும் ஓடுகிறது. இரண்டும் ஒரே சுருதியில் ஓடுவதில்லை. மேலே இருப்பது கரகரவென்று தேங்காயை மெல்லுகிறது, கீழே இருப்பது காய்ந்த மிளகாயைப் போட்டுக் கீச்சிடுகிறது. இந்த இரண்டு சத்தமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் எனக்குக் கை ஓடாது. கேஸை அணைத்துவிட்டு ஜன்னலுக்குப் போவேன். ஜன்னலிலிருந்து வாசலுக்கு. வாசலிலிருந்து மறுபடி அடுப்புக்கு. விழுப்புரத்தில் நிற்கிற நான் அந்த நிமிஷம் திண்டிவனத்தில் இருப்பேன், என் அண்ணன்மார் வீட்டுக் கூடத்தில், கையில் தாம்பாளத்தோடு, அதை வாங்கிக்கொள்வார்களா மாட்டார்களா என்று தெரியாமல்.

அந்த வீட்டுக்கு வாசல் ஒன்று, அடுப்பு இரண்டு. கூடத்துக்கு இடப்பக்கம் பெரியண்ணி சமைக்கிறாள், வலப்பக்கம் சின்னண்ணி. பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே குழம்புதான். ஆனாலும் இரண்டு மிக்ஸி, இரண்டு குக்கர், இரண்டு சிலிண்டர். பின்னால் நிற்கிற கறிவேப்பிலை மரம் மட்டும் பொது.

அப்படிப் பிரிந்ததற்கு என் வீட்டு விசேஷம்தான் காரணம். என் மகள் பெரியவளானபோது மஞ்சள் நீராட்டு வைத்தோம். தாய்மாமன் சீர் கொண்டுவந்து மாலை போட வேண்டும். பெரியண்ணன் திண்டிவனத்திலிருந்து வேன் பிடித்துக் கிளம்பியிருந்தான். பெரிய முகூர்த்த நாள். டோல்கேட்டுக்கு முன்னால் வண்டிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. இங்கே என் வீட்டுக்காரர் பக்கத்துப் பெரியவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள், ராகுகாலம் வந்துவிடும் என்றார்கள், முதல் நாளே வந்து தங்கியிருந்த சின்னண்ணனை முன்னால் நிறுத்தினார்கள். அவனும் தாய்மாமன்தானே என்றார்கள். பெரியண்ணன் வந்து இறங்கியபோது பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். வேனிலிருந்து தட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கி வரிசையாக வைத்தான். சாப்பிடவில்லை. அன்றோடு என்னிடம் பேச்சு நின்றது. அடுத்த பொங்கலுக்குள் அந்த வீட்டில் இரண்டாவது அடுப்பு எரிந்தது.

இப்போது அதே மகளுக்குக் கல்யாணம். எங்கள் பக்கம் பெண்ணுக்கு நெற்றியில் பட்டம் கட்டுவது தாய்மாமன். மெல்லிய தகடுதான், ஆனால் அதைக் கட்டாமல் பெண்ணை மணவறையில் உட்கார வைக்க மாட்டார்கள். பெரியமாமா வந்து கட்டினால்தான் உட்காருவேன் என்று மகள் சொல்லிவிட்டாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவள் சிரித்துக்கொண்டே சொல்வதைத்தான் மாற்ற முடியாது.

அவளுக்குச் சென்னைக் கம்பெனி ஒன்றில் வேலை, பாதி நாள் விழுப்புரத்து வீட்டிலிருந்தே பார்க்கிறாள். நான் இங்கே ஒரு கல்லூரியில் புரோகிராமிங் சொல்லித்தருகிறேன். பத்திரிகைக் கட்டு அச்சகத்திலிருந்து வந்து இறங்கிய ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட கை காய்வதற்குள், அவள் லேப்டாப்பைத் திறந்தாள். பத்திரிகை வைக்கப் போக வேண்டியது கோலியனூர், கூட்டேரிப்பட்டு, திண்டிவனம், அதைத் தாண்டி இன்னும் உள்ளே தள்ளியிருக்கிற ஊர்கள். போன வழியிலேயே திரும்பிப் போய் வெயிலில் அல்லாட வேண்டாம், கிராஃப் போட்டுவிடலாம் என்றாள்.

கிராஃப் என்றால் பெரிய விஷயமில்லை. வீடு ஒவ்வொன்றும் ஒரு கணு. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற வழி ஒரு கோடு. வகுப்பில் நோட், எட்ஜ் என்போம். கணுவை எந்த வடிவத்தில் எழுதிவைப்பது, கோட்டை எந்த வடிவத்தில் எழுதிவைப்பது, அவ்வளவுதான் கேள்வி. வருஷாவருஷம் கரும்பலகையில் போடுவதையே போட்டேன்: ஒரு கட்டம். இடமிருந்து வலமாக வீடுகள், மேலிருந்து கீழாக அதே வீடுகள், இரண்டும் சந்திக்கிற இடத்தில் கிலோமீட்டர். வழி இல்லையென்றால் பூஜ்யம்.

மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள். திண்டிவனம் ஒரு கணுவா இரண்டா என்று கேட்டாள். ஒன்று என்றேன். கதவு எண் ஒன்றுதானே.

"அடுப்பு ரெண்டும்மா," என்றாள். "ஒரே பத்திரிகைய கூடத்துல வெச்சிட்டு ஓடியாந்துடலாம்னு பிளானா?"

பிளான் அதேதான். ஒரே தாம்பாளம், உறையின் மேல் இரண்டு அண்ணன் பெயரும், கூடத்து ஸ்டூலில் வைத்துவிட்டால் எடுக்கிறவர்கள் எடுத்துக்கொள்ளட்டும், நான் பெரியண்ணன் முகத்துக்கு நேரே நிற்க வேண்டியதில்லை. இதையெல்லாம் நான் யாரிடமும் சொல்லவில்லை. கணுவுக்கு என்ன வடிவம் என்று எழுதிய ஒரு வரியில் அது தெரிந்துவிட்டது.

அவள் தன் போக்கில் எழுதத் தொடங்கினாள். கணு என்றால் அவளுக்கு எண் இல்லை, ஒரு தனி வடிவம்: பெயர், முகவரி, உள்ளே யார் யார். தேடி எடுப்பதற்குச் சாவி வேண்டும். கதவு எண்ணையே சாவியாக வைத்தாள். பெரியமாமாவைச் சேர்த்தாள். சின்னமாமாவைச் சேர்த்தாள். ஓடவிட்டுப் பார்த்தால் திண்டிவனத்தில் சின்னமாமா மட்டும் நிற்கிறார். சாவி ஒன்று என்பதால் பின்னால் வந்தவர் முன்னால் வந்தவர் இடத்தில் உட்கார்ந்துவிட்டார். இது பழைய தப்பு, என் மாணவர்கள் எல்லாரும் செய்வது. எந்தப் பிழைச் செய்தியும் வராது. எல்லாம் சரியாக நடந்த மாதிரியே இருக்கும்.

"பெரியமாமாவ காணோம்," என்றாள் மகள்.

நான் எழுந்து போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன். தாகம் இல்லை.

கதவு எண்ணைத் தூக்கிவிட்டு அடுப்பைச் சாவியாக்கினோம். கணு என்றால் அடுப்பு. இப்போது திண்டிவனத்தில் இரண்டு கணு. உடனே அடுத்த தொல்லை. இரண்டு அடுப்புக்கும் நடுவில் எவ்வளவு தூரம்? ஒரே கூரை, பூஜ்யம். ஆனால் என் கட்டத்தில் பூஜ்யம் என்றால் வழியே இல்லை என்று அர்த்தம். ஒட்டிக்கொண்டு இருப்பவர்களும் ஒட்டே இல்லாதவர்களும் அதில் ஒரே எண். இத்தனை வருஷம் இந்தக் கட்டத்தைப் போட்டிருக்கிறேன், பூஜ்யம் இரண்டு வேலை பார்க்கிறது என்று மாணவர்களிடம் சொல்லியும் இருக்கிறேன். சொல்வது வேறு, சொந்த அண்ணன்மார் வீட்டை அதில் போட்டுப் பார்ப்பது வேறு.

அதனால் கட்டத்தை விட்டோம். கோட்டுக்கும் ஒரு தனி வடிவம் கொடுத்தாள். எங்கிருந்து, எங்கே, எத்தனை கிலோமீட்டர், எந்த வகை. வகை என்றால் சாலையா, உறவா. உறவு என்றால் பேச்சு இருக்கிறதா என்று ஒரு சிறு பெட்டி. ஆம், இல்லை.

எனக்கும் பெரியண்ணனுக்கும் நடுவிலான கோட்டில் கை நின்றது. நான் பொங்கலுக்குப் பொங்கல் போன் போடுவேன். அவன் எடுத்து, ஒரு வார்த்தை பேசாமல், போனை அண்ணியிடம் கொடுத்துவிடுவான். வெட்டிவிட்டான் என்றால் வெட்டிவிட்டான் என்று எழுதலாம். எடுக்கிறானே. எடுத்து, என் குரல்தான் என்று தெரிந்த பிறகுதானே கொடுக்கிறான்.

நான் உனக்கு என்றால் நீ எனக்கு என்று ஒரே கோடாகப் போடக்கூடாது என்றாள் மகள். உன்னிடமிருந்து அவருக்கு ஒன்று, அவரிடமிருந்து உனக்கு ஒன்று, தனித்தனி. சரி, என்னுடையதில் ஆம் போட்டோம். அவனுடையதில் ஆம் போட முடியவில்லை. இல்லை போடவும் மனம் வரவில்லை. காலியாக விடு என்றேன்.

"காலியா விடலாம். ஆனா காலியா இருந்தா என்ன பண்றதுன்னு எழுதணும்மா. இல்லாட்டி ஓடிக்கினு இருக்கும்போது அந்த எடத்துல வந்து நின்னுடும்."

நான் கொல்லைப்பக்கம் போனேன். துணி காய்ந்திருந்தது. எடுத்தேன். மறுபடி கொடியிலேயே போட்டேன். உள்ளே வந்தபோது அவள் ஏதோ எழுதி முடித்திருந்தாள், என்ன எழுதினாள் என்று கேட்கவில்லை.

குலசாமிக்கு முதல் பத்திரிகை வைத்தாகிவிட்டது. அடுத்தது தாய்மாமனுக்குப் போக வேண்டும், அதுதான் முறை. ஆனால் புரோகிராம் கொடுத்த வரிசையில் கூட்டேரிப்பட்டு முன்னால் இருந்தது, திண்டிவனம் பின்னால். விழுப்புரத்திலிருந்து போகிற வழி அதுதான், அது என்ன செய்யும். வகை என்ற பெட்டியை நாங்கள் ஒவ்வொன்றாக நிரப்பியிருந்தோம். வரிசை போடுகிற இடத்தில் அதைக் கேட்கவே இல்லை. அங்கே கிலோமீட்டரை மட்டும் கேட்டிருந்தோம்.

கூட்டேரிப்பட்டில் என் நாத்தனார் இருக்கிறாள், என் வீட்டுக்காரரின் பெரியப்பா மகள். பிரிகிற சாலை ஓரம் கடை வைத்திருக்கிறாள், டீயும் மல்லாட்டையும், அதாவது வறுத்த வேர்க்கடலை. மகளை வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் காரில் கிளம்பிய அன்று, நேரே திண்டிவனம் போய்விட்டுத் திரும்பும்போது நிற்கலாம் என்றேன். என் வீட்டுக்காரர் கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது என்றார். வாத்தியாரம்மா போட்ட கணக்கை வாத்தியாரம்மாவே மீறலாமா என்றார். தன் சொந்தக்காரர்கள் முதலில் வந்த சந்தோஷம் அவருக்கு ஸ்டியரிங் பிடிப்பதிலேயே தெரிந்தது. அதோடு, அவள் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். எங்கள் காரைப் பார்த்துவிட்டால் அது ஒரு பேஜாரு. டீ மட்டும் குடிப்போம், பத்திரிகை திரும்பும்போது கொடுப்போம் என்று பேசிக்கொண்டு இறங்கினோம்.

நாத்தனார் டீயைக் கையில் கொடுத்துவிட்டுக் காரின் பின்சீட்டைப் பார்த்தாள். தாம்பாளங்கள் சேலைத் துணியால் மூடியிருந்தன.

"எங்க தம்பி மவ கல்யாணம். பத்திரிகைய காருக்குள்ள ஒளிச்சி வெச்சிக்கினு டீ குடிக்கிறீங்க," என்றாள்.

அதற்கு மேல் என்ன செய்வது. கொடுத்தோம். அவள் முந்தானையில் கையைத் துடைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினாள். உண்மையிலேயே அவள் கண் கலங்கியது. கல்லாவில் இருந்த பெண்ணைக் கூப்பிட்டுப் போட்டோ எடுக்கச் சொன்னாள். நானும் சிரித்தேன், போட்டோவில் பல் தெரிகிறது.

கார் சாலை ஏறிக் கொஞ்ச தூரம் போவதற்குள் மகளிடமிருந்து மெசேஜ் வந்தது. கூட்டேரிப்பட்டு அத்தை ஸ்டேட்டஸைப் பார் என்றாள். திறந்தேன். பத்திரிகையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நாத்தனார், இரண்டு பக்கமும் நாங்கள். கீழே, முதல் பத்திரிகை எனக்குத்தான் என்று எழுதி, கைகூப்பிய படமும் பூவும். பெரியண்ணியிடம் நாத்தனாரின் நம்பர் இருக்கிறது. பெரியண்ணி காலையிலிருந்து எல்லாருடைய ஸ்டேட்டஸும் பார்ப்பாள்.

ஜல்தியாகப் போங்க என்றேன். அவர் எதற்கு என்றார். எதற்கென்று எனக்கும் தெரியவில்லை. எங்களுக்கு முன்னால் அது போய்ச் சேர்ந்துவிட்டது. அந்தக் கோட்டை நாங்கள் எழுதவே இல்லை, அதற்குக் கிலோமீட்டரும் கிடையாது. இரண்டு பக்கமும் வெயில் ஓடியது. சீட்பெல்ட்டைக் கழற்றி மாட்டினேன், மறுபடி கழற்றினேன். பூவும் வெற்றிலையும் சரியாக இருக்கிறதா என்று பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தேன், அவை எங்கே போய்விடும்.

திண்டிவனத்தில் வாசல் திறந்திருந்தது. இரண்டு மிக்ஸியும் ஓடிக்கொண்டிருந்தன. நாங்கள் வருவது தெரிந்து இரண்டு அண்ணியும் சட்னி அரைத்துக்கொண்டிருந்தார்கள், அவரவர் பக்கத்தில். சின்னண்ணன் வந்து வா என்று என் கையைப் பிடித்துவிட்டு, உடனே ஒதுங்கிச் சுவரோரம் நின்றான். பெரியண்ணன் கூடத்து நடுவில் நாற்காலியில் இருந்தான். தலை நன்றாக நரைத்திருந்தது. நான் அதைப் போட்டோவில்கூடப் பார்த்திருக்கவில்லை.

என் வீட்டுக்காரரும் நானும் சேர்ந்து தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு அவன் முன்னால் நின்றோம். இடப்பக்கத்து மிக்ஸி நின்றது. பிறகு வலப்பக்கத்து மிக்ஸி.

அவன் என்னைப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரரை உட்காரச் சொன்னான், வெயிலில் வந்திருக்கிறீர்கள் என்றான். பெரியண்ணி ஈரக்கையோடு வந்து நிலையில் சாய்ந்தாள்.

"ஸ்டேட்டஸ்ல பாத்தோம்," என்றாள். "போட்டோ நல்லா வந்திருந்திச்சி."

என் வீட்டுக்காரர் தடுமாறினார். வழியில் மச்சான், சும்மா டீ குடிக்க நின்றோம், வழியில்தானே கடை என்றார்.

"வழியிலதான் மாப்ள," என்றான் பெரியண்ணன். குரலை உயர்த்தவே இல்லை. "நானும் அன்னிக்கி வழியிலதான் இருந்தேன்."

சின்னண்ணன் தரையைப் பார்த்தான். தாம்பாளம் கனத்தது. வைத்துவிடலாம் என்றால் தரையில் வைத்தது ஆகிவிடும். திருப்பி எடுத்துப் போகலாம் என்றால் அதோடு முடிந்தது, மகளுக்குப் பட்டம் கட்ட சின்னண்ணனைத்தான் மறுபடியும் நிறுத்த வேண்டும், அவனும் வர மாட்டான், அவன் முகம் சொல்லிற்று. நான் அண்ணா என்று ஆரம்பித்தேன்.

அப்போது பெரியண்ணன் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். முகம் மாறிய விதத்தை என்ன சொல்ல. கதவைத் திறந்தால் காற்று வருமே, அப்படி.

"சொல்லும்மா," என்றான்.

மறுபக்கத்திலிருந்து வருவது என் மகளின் குரல் என்று எனக்குப் புரிய நேரம் ஆகவில்லை. என்ன சொல்கிறாள் என்று கேட்கவில்லை, வேகம் மட்டும் கேட்டது. அவன் ம் கொட்டினான். பார்த்தேன் பார்த்தேன் என்றான். அதெல்லாம் கோபமில்லை என்றான். போன வாரம் பல்வலி என்றாளே, டாக்டரிடம் போனாளா என்று கேட்டான். சாப்பிட்டாயா என்று கேட்டான். எனக்குத் தெரியாது அவளுக்குப் பல்வலி என்று.

நான் பெரியண்ணியைப் பார்த்தேன். அவள் கறிவேப்பிலை மரத்தைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இந்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

நாங்கள் எழுதிய உறவுக் கோடுகள் எல்லாம் என் அடுப்பையே தொட்டன. எல்லா வீட்டுக்கும் நான் போவதாக, எல்லாரும் எனக்கு எதிரில் நிற்பதாக. என் மகளுக்கு ஒரு தனிக் கணு போட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, அவளும் போடச் சொல்லவில்லை. அவளிடமிருந்து அவனுக்கு ஒரு கோடு என்னைத் தொடாமல் போய்க்கொண்டிருந்திருக்கிறது, வந்துகொண்டும் இருந்திருக்கிறது. சந்தோஷமாக இருந்தது. வயிறும் எரிந்தது. இரண்டும் ஒரே நேரம்.

போனைப் பைக்குள் வைத்துவிட்டு அவன் எழுந்தான். வேட்டியைத் தளர்த்திக் கட்டினான், அண்ணியைப் பார்த்தான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். இரண்டு பேரும் சேர்ந்து தாம்பாளத்தைப் பிடித்தார்கள்.

"அவ கூப்ட்டா. அதுக்காக வாங்கறேன் மாப்ள," என்றான், என் வீட்டுக்காரரிடம்.

இரண்டாவது தாம்பாளத்தைச் சின்னண்ணனும் சின்னண்ணியும் வாங்கினார்கள். பிறகு சாப்பாடு. இடப்பக்கம் தோசை, வலப்பக்கம் தோசை. ஒரு பக்கம் சாப்பிட்டு மறுபக்கம் வேண்டாம் என்று சொல்ல முடியுமா. இரண்டு இடத்திலும் உட்கார்ந்தோம். என் வீட்டுக்காரர் பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு, இதைக் கம்ப்யூட்டர் சொல்லவில்லையே என்று என் காதில் முணுமுணுத்தார். சட்னி இரண்டு பக்கமும் ஒரே ருசி. இதை அங்கே யாரிடமும் சொல்லவில்லை.

பெரியண்ணன் மண்டபம் எங்கே, எத்தனை மணிக்கு முகூர்த்தம், சீர் தட்டு முதல் நாளே வர வேண்டுமா என்றெல்லாம் கேட்டான். எல்லாம் என் வீட்டுக்காரரிடம். எனக்குத் தெரிந்த பதிலையும் அவர் வழியாகத்தான் கேட்டான், நான் சொன்னதையும் அவர் திரும்பச் சொன்ன பிறகுதான் தலையாட்டினான். நான் கூடத்தில் உட்கார்ந்தேன், எழுந்தேன், பின்னால் போய்க் கறிவேப்பிலை ஒரு கொத்து ஒடித்தேன், அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். அந்தப் பெட்டி இன்னும் காலியாகவே இருந்தது. மகளுக்குக் காரியம் முடிந்தது, அவன் வருவான். எனக்கு முடியவில்லை.

கிளம்பினோம். சின்னண்ணன் கார் வரை வந்து போனான். அவர் என்ஜினைக் கிளப்பிவிட்டார். நான் கதவைச் சாத்தும்போது பெரியண்ணன் வாசல்படி இறங்கி வந்தான், என் பக்கம். கண்ணாடியை இறக்கினேன். அவன் கூரைமேல் கையை ஊன்றிக் குனிந்தான். என்னைப் பார்த்தான்.

"பட்டம் நான்தான் வாங்கியாருவேன். மாலயும்," என்றான். "நான் வந்து சேர லேட்டானா?"

"முகூர்த்தத்தையே நிக்க வெக்கிறேண்ணா."

"ஐயரு கத்துவாரு."

"கத்தட்டும்."